பெட்டிக்குள் பெங்களூரு

2019 பிப்ரவரி 27. பெங்களூரைச் சேர்ந்த சிக்னல்சிப் என்ற நிறுவனம் உருவாக்கிய சிப் தொகுப்பை அன்றைய தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர் அருணா சுந்தரராஜன் வெளியிட்டார். 4ஜிக்கும் 5ஜிக்கும் இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் மோடம் சிப்கள் அவை. ஹிமாம்ஷு கஸ்னிஸ் 2010-இல் தொடங்கிய நிறுவனம் அது. சிப்களுக்குப் பின்னால் எட்டு ஆண்டு உழைப்பு. தொகுப்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆகும்பே'. சிவமொக்கா மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைமேல், மழை கொட்டித் தீர்க்கும் ஊர் அது.

கைப்பேசி, வீட்டு இணையப் பெட்டி, கார், மின் மீட்டர் என்று மோடம் எதில் இருந்தாலும், அதன் மூளையான சிப்பைச் செய்யத் தெரிந்த நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் பலவற்றுக்கு பெங்களூரில் பெரிய வடிவமைப்பு மையங்கள் இருக்கின்றன. ஒயிட்ஃபீல்டிலும் அவுட்டர் ரிங் ரோட்டிலும் இருக்கும் அலுவலகங்களில் நம் பிள்ளைகள் மோடத்துக்கான சுற்றுகளை வரைகிறார்கள், நிரல் எழுதுகிறார்கள், இரவு பகலாகச் சோதிக்கிறார்கள். கோவை, திருச்சி, மதுரை பொறியியல் கல்லூரிகளில் படித்துவிட்டு ரயிலேறி வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். உலகின் சிப் வடிவமைப்புப் பொறியாளர்களில் ஐந்தில் ஒருவர் இந்தியர் என்று மத்திய அரசு பெருமையாகச் சொல்லிவருகிறது. ஆனால் பெட்டியின்மேல் அச்சாகும் பெயர் வேறு நாட்டுடையது. அந்த வழக்கத்தை உடைக்க எடுத்த முயற்சி என்பதால்தான் ஆகும்பே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது எவ்வளவு கடினமான முயற்சி என்று புரிய, மோடம் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

குரலுக்குப் போட்ட கம்பி

நெட் போய்விட்டால் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்கிறோம். நாம் கைகாட்டும் அந்தப் பெட்டிக்குள் உண்மையில் இரண்டு மூன்று கருவிகள் சேர்ந்திருக்கின்றன. வீட்டிலுள்ள போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் இணைப்பைப் பிரித்துக் கொடுப்பது ரூட்டர். அதைக் காற்றில் அனுப்புவது வைஃபை. வெளியிலிருந்து வரும் கம்பியோடோ இழையோடோ அலைவரிசையோடோ பேசுவது மட்டும்தான் மோடம். வேலை ஒன்றுதான்: கணினியின் 0, 1 என்ற எண்களை, கிடைத்த பாதை கடத்தக்கூடிய அலையாக மாற்றி அனுப்புவது, எதிரிலிருந்து வரும் அலையை மறுபடி எண்களாக்கிக் கொடுப்பது.

கிடைத்த பாதை என்று சொன்னதில்தான் சிக்கலே. மோடத்துக்கென்று யாரும் பாதை போட்டுக் கொடுத்ததில்லை. முதலில் கிடைத்தது மனிதக் குரலுக்காகப் போட்ட தொலைபேசிக் கம்பி. 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி போய்ச் சேர்ந்தால் போதும், பேசுவது யார், என்ன பேசுகிறார் என்று புரிந்துவிடும் என்று பொறியாளர்கள் முடிவு செய்து, மிச்சத்தை வடிகட்டிவிட்டார்கள். கணினியின் மின்துடிப்பை அப்படியே அதில் ஏற்றினால் எக்ஸ்சேஞ்சைத் தாண்டாது. ஆகவே எண்களை ஒலியாக்க வேண்டியிருந்தது.

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டே இருப்பார். அதில் செய்தி ஏதும் இல்லை. அதே சுருதியைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி ஊதினால், ஏற்றினால் 1, இறக்கினால் 0 என்று எதிரில் இருப்பவர் எழுதிக்கொள்ளலாம். 1962-இல் அமெரிக்காவில் வந்த பெல் 103 மோடம் செய்தது அவ்வளவுதான். அழைத்த பக்கம் 1,270 ஹெர்ட்ஸில் ஒலித்தால் 1, 1,070-இல் ஒலித்தால் 0. பதில் சொல்லும் பக்கத்துக்கு 2,225-உம் 2,025-உம். இரு பக்கமும் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் பேசினாலும் குழப்பமில்லை. வேகம் நொடிக்கு 300 பிட், அதாவது நொடிக்குச் சுமார் 30 எழுத்துகள்.

அலையில் மாற்றக்கூடியவை மூன்று: அதிர்வெண், வீச்சு, அலை தொடங்கும் கட்டம். பின்னால் வந்த மோடம்கள் வீச்சையும் கட்டத்தையும் சேர்த்தே மாற்றின. பதினாறு விதமான அலைத் துணுக்குகளை வைத்துக்கொண்டால், ஒவ்வொரு துணுக்கும் 4 பிட்டைச் சுமக்கும். நொடிக்கு 2,400 துணுக்கு அனுப்பினால் 9,600 பிட். அப்படியானால் துணுக்குகளின் வகையைப் பெருக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். கம்பியில் இரைச்சல் இருக்கிறதே! வகைகள் நெருங்க நெருங்க, எது எது என்று மறுமுனைக்கு விளங்காது. 1982-இல், ஐபிஎம்மின் சூரிச் ஆய்வகத்தில் இருந்த காட்ஃபிரீட் உங்கர்பெக் ஒரு வழியை வெளியிட்டார். எல்லாத் துணுக்கும் எல்லாத் துணுக்குக்குப் பின்னும் வரலாம் என்று விடாமல், எதன்பின் எது வரலாம் என்று ஒரு விதி வைத்தார். வந்த வரிசை விதிக்கு முரணாக இருந்தால், எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது, எது சரியாக இருந்திருக்கும் என்று மறுமுனை கணக்கிட்டு எடுத்துக்கொள்ளும். கம்பியை மாற்றாமல், இரு முனைகளில் இருக்கும் கணக்கை மட்டும் மாற்றியே வேகம் கூடியது. மோடத்தின் வரலாறு முழுவதும் இப்படித்தான் போகிறது.

டயல்-அப் காலத்தை அனுபவித்தவர்களுக்கு அந்தக் கீச்சொலி மறந்திருக்காது. அது வெறும் சத்தமல்ல. இரண்டு மோடங்கள் ஒன்றையொன்று எடைபோடுவது. முதலில் எதிர் மோடம் 2,100 ஹெர்ட்ஸில் ஒரு தொனியை நீட்டும். குரல் எதிரொலிக்காமல் இருக்கத் தொலைபேசி வலையில் வைத்திருக்கும் கருவிகளை, 'இது மனிதப் பேச்சல்ல, விலகிக்கொள்' என்று ஒதுக்கி வைப்பதற்கு அது. பிறகு, எந்தெந்தத் தரத்தில் பேசத் தெரியும் என்று பட்டியல் பரிமாற்றம். அதன்பின், பல தொனிகளை ஒரே சமயத்தில் அனுப்பி, எது மங்கி வருகிறது, எங்கே இரைச்சல் அதிகம் என்று கம்பியை அவை சோதிக்கும். கடைசியில் வரும் நீண்ட இரைச்சல், அந்தக் கம்பியின் கோணல்களுக்கேற்ப இரு மோடங்களும் தங்கள் வடிகட்டிகளைத் திருத்திக்கொள்ளும் பயிற்சி. எல்லாம் சரிவந்ததும் ஒலிபெருக்கியை மோடம் அணைத்துவிடும். இப்போதுள்ள பெட்டிகளும் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இதே சடங்கைச் செய்கின்றன. நமக்குக் கேட்பதில்லை, விளக்கு மினுக்குவது மட்டும் தெரிகிறது.

அந்த நாளில் மோடத்தைக் கணினி அதட்ட 'ஏடி' என்று தொடங்கும் கட்டளைகள் இருந்தன. அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்தது. இன்று 4ஜி மோடம் தொகுதிகளை இயக்குபவர்கள் தட்டச்சுவதும் அதே 'ஏடி'தான். தொழில்நுட்ப உலகில் இத்தனை ஆயுள் வாய்த்தவை கொஞ்சம்.

64 கிலோபிட் என்ற எண்

இரைச்சலும் அகலமும் தெரிந்தால், ஒரு பாதையில் பிழையின்றி அனுப்பக்கூடிய உச்ச வேகத்தைச் சொல்லிவிடலாம் என்று 1948-இல் கிளாட் ஷானன் நிறுவியிருந்தார். சாதாரண தொலைபேசிக் கம்பிக்கு அது நொடிக்குச் சுமார் 35,000 பிட். 1990-களின் நடுவில் மோடங்கள் 33,600-ஐத் தொட்டுவிட்டன. கதை முடிந்தது என்று நினைத்தபோது 1998-இல் 56,000 பிட் மோடத்துக்கான தரம் வந்தது. ஷானன் தோற்கவில்லை. பாதைதான் மாறியிருந்தது.

எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டலாகிவிட்டிருந்தன. உங்கள் குரலை அவை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதிக்கொள்கின்றன. மொத்தம் 64,000 பிட். இணைய நிறுவனம் எக்ஸ்சேஞ்சோடு நேரடியாக டிஜிட்டலில் சேர்ந்துவிட்டால், அனலாக் என்பது எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு வரையிலான கடைசிக் கம்பி மட்டும்தான். அங்கே நம்பிப் பயன்படுத்தக்கூடியது 8 பிட்டில் 7. எட்டாயிரத்தை ஏழால் பெருக்கினால் 56,000. இவ்வளவு சுத்தமாக விளங்கிவிடும் கணக்கு பொறியியலில் அபூர்வம்.

டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் இந்தியக் கிராமங்களுக்குப் போனதிலும் கர்நாடகத்துக்கு ஓர் இடம் உண்டு. அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் வடிவமைத்த கிராமப்புறத் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் முதன்முதலில் வைக்கப்பட்டது, 1986-இல், ராணி சென்னம்மாவின் கிட்டூரில். பெங்களூர் தூரவாணி நகரில் 1948-இல் தொடங்கிய ஐடிஐ என்ற அரசுத் தொலைபேசி ஆலைதான் நாட்டின் தொலைபேசிகளைப் பல காலம் செய்து கொடுத்தது.

பெங்களூரின் மென்பொருள் கதையில் முதல் எண்ணும் இதே 64 கிலோபிட். 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மில்லர்ஸ் ரோட்டின் சோனா டவர்ஸில் வடிவமைப்பு மையம் திறந்தது. இங்கே வரைந்த சிப் வரைபடத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு செயற்கைக்கோள் இணைப்பை அரசிடம் போராடி வாங்கியது. டிஷ், அதன் கீழ் ஒரு செயற்கைக்கோள் மோடம், 64 கிலோபிட். ஒரே ஒரு தொலைபேசிப் பேச்சு அடைத்துக்கொள்ளும் அகலம் அது. ஓர் ஊரின் விதியை மாற்ற அது போதுமானதாக இருந்தது. சொந்த டிஷ் வைக்க வசதியில்லாத சிறு நிறுவனங்களுக்கு, 1990-களில், எலக்ட்ரானிக்ஸ் சிட்டியில் இருந்த மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காவின் செயற்கைக்கோள் தரை நிலையம் கைகொடுத்தது. அங்கிருந்து அலுவலக மாடிகளுக்குக் கம்பி புதைக்கத் தோண்டாமல், மைக்ரோவேவ் ரேடியோ வழியாக இணைப்பைக் கொண்டுபோனார்கள். தோண்ட அனுமதி வாங்கிக் காத்திருந்தால் ஏற்றுமதி ஒப்பந்தம் கைவிட்டுப் போயிருக்கும்.

கல்வி உலகம் முன்பே தொடங்கியிருந்தது. 1986-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு உருவான எர்நெட் என்ற கல்வி வலையமைப்பில், இந்திய அறிவியல் கழகமும் ஐஐடி மெட்ராஸும் தொடக்க உறுப்பினர்கள். ஆரம்பத்தில் மின்னஞ்சல் பயணம் செய்தது தொலைபேசியில் டயல் செய்யும் மோடங்கள் வழியாகத்தான். பொதுமக்களுக்கான இணையத்தை அன்றைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று நான்கு பெருநகரங்களில் திறந்தது. சீக்கிரமே பெங்களூரும் சேர்ந்தது. 1996-இல் பிரிகேட் ரோட்டில் திறந்த முதல் காபி டே கடை, காப்பியோடு இணையமும் விற்ற கடை.

சென்னையில் இதே காலத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, செம்புக் கம்பி போட்டால் இந்தியாவுக்குக் கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டு, 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா முறையை உருவாக்கியது. பேச்சும் 35 கிலோபிட் இணையமும் ஒரே சமயத்தில். மேலூர் வட்டாரக் கிராமங்களில் 2001 வாக்கில் அதை வைத்து இணைய மையங்கள் நடந்தன. கைப்பேசி வெள்ளம் பின்னால் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆனாலும் ஒரு மோடத்தை நம் ஊருக்காக நாமே யோசிக்க முடியும் என்று முதலில் காட்டியவர்கள் அவர்கள்.

ஆகாசவாணி விழுந்த தடம்

3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் கடத்தாதது கம்பியின் குறையல்ல, எக்ஸ்சேஞ்சில் இருந்த வடிகட்டியின் வேலை என்பதை உணர்ந்தபோது பிராட்பேண்ட் பிறந்தது. அதே செம்புக் கம்பி சில கிலோமீட்டருக்கு ஒரு மெகாஹெர்ட்ஸுக்கும் மேலே கடத்தும். அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் ஜோசப் லெக்லைடர், வீட்டுக்கு வருவது அதிகம், வீட்டிலிருந்து போவது குறைவு, ஆகவே பாதையைச் சமமாகப் பிரிக்காதே என்று யோசனை சொன்னார். ஸ்டான்ஃபோர்டின் ஜான் சியோஃபி, அந்தப் பட்டையை நூற்றுக்கணக்கான குட்டித் தடங்களாக வெட்டினார். இதுதான் ஏடிஎஸ்எல். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' என்ற பெயரில் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அன்றைக்கு 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட். 2013-இல் அது 512 ஆகி, 2023-இல் 2 மெகாபிட் ஆயிற்று.

ஏடிஎஸ்எல்லில் 256 தடங்கள். ஒவ்வொன்றும் சுமார் 4.3 கிலோஹெர்ட்ஸ் அகலம். கீழே உள்ளவை குரலுக்கு. மேலே உள்ளவற்றை மோடம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். தெளிவான தடத்தில் 15 பிட் வரை ஏற்றும், மங்கலானதில் இரண்டு, மோசமானதைத் தொடவே தொடாது. தொலைபேசியோடு சேர்த்துச் சொருகச் சொல்லி ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர் டப்பா கொடுத்தார்களே, அது குரலையும் தரவையும் பிரிப்பதற்கு. அதை மாட்டாமல் விட்டவர்களுக்குப் போன் பேச்சில் இரைச்சல் கேட்டிருக்கும், ரிங் வந்தால் நெட் அறுந்திருக்கும்.

பெங்களூர் ஆகாசவாணியின் மத்திய அலை ஒலிபரப்பு 612 கிலோஹெர்ட்ஸில். கணக்குப் போட்டால் அது ஏடிஎஸ்எல்லின் 142-ஆவது தடத்தில் வந்து விழும். கம்பத்திலிருந்து தொங்கும் நீண்ட செம்புக் கம்பி ஒரு நல்ல ஆன்டெனா. வானொலியை அது பிடிக்கத்தான் செய்யும். அப்போது மோடம் அந்தத் தடத்தில் பிட்டைக் குறைத்து, அக்கம்பக்கத்துத் தடங்களில் வேலையைத் தொடரும். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஜாயின்ட்டில் மழைநீர் இறங்கினாலும் இதே மாதிரிதான் பல தடங்கள் மங்கும். அப்போதுதான் வேகம் சரிந்து நமக்குத் தெரியவரும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்கும் நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கும் ஒரே திட்டத்தில் வேறு வேறு வேகம் வந்ததற்குக் காரணம் யாருடைய ஓரவஞ்சனையும் அல்ல, செம்பின் இயல்பு.

கேபிள் டிவிக் கம்பியில் ஓடிய கேபிள் மோடம்களும் உண்டு. கோஆக்சியல் கம்பியில் ஒரு டிவி சேனலுக்கான இடத்தை இணையத்துக்கு எடுத்துக்கொண்டவை. அந்தத் தெருவில் எல்லோரும் ஒரே கம்பியைப் பகிர்வதால், மாலை நேரத்தில் மந்தமாகும். இந்தியாவில் அவற்றை இழை ஓரங்கட்டிவிட்டது.

இழை, காற்று, செவ்வாய்

இப்போது வீட்டுக்கு வருவது பெரும்பாலும் கண்ணாடி இழை. சுவரில் மாட்டும் அந்தப் பெட்டியை மோடம் என்றே எல்லோரும் சொல்கிறோம். டெக்னீஷியன் 'ஓஎன்டி' என்பார். தெருவில் வரும் ஓர் இழை, மின்சாரமே தேவைப்படாத கண்ணாடி ஸ்ப்ளிட்டரில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. வரும் ஒளி 1,490 நானோமீட்டர், போகும் ஒளி 1,310. இரண்டும் ஒரே இழையில் மோதாமல் போகும். வரும் பக்கம் 2.5 கிகாபிட் எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவே பாயும். ஒவ்வொரு பெட்டியும் தனக்கான பூட்டுத் திறக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். போகும் பக்கம்தான் நுட்பமானது. ஒரே நேரத்தில் இரண்டு வீடு ஒளி வீசினால் கலந்துவிடும். ஆகவே நிலையத்தில் உள்ள கருவி ஒவ்வொரு வீட்டின் தூரத்தையும் ஒளி போய்வரும் நேரத்தால் அளந்து, இந்த நுண்நொடியில் நீ, அடுத்ததில் நீ என்று முறை வைக்கிறது. 20 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு இழையில் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். அதையும் விடாமல் கணக்கில் எடுக்கிறார்கள்.

பவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "மைனஸ் இருபத்திரண்டு வருது சார், ஓகே" என்று டெக்னீஷியன் சொல்வது, வந்து சேரும் ஒளியின் அளவு. மைனஸ் இருபத்தேழு வரை பெட்டி சமாளிக்கும். அது ஒரு மில்லிவாட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு வெளிச்சம்! இழையைக் கூர்மையாக மடக்கினாலோ, மூட்டில் தூசி படிந்தாலோ, அந்தத் துளி வெளிச்சமும் கசிந்துவிடும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவே இல்லை என்று அர்த்தம். எத்தனை முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பயனில்லை, ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். பெங்களூரில் அதற்குக் காரணம் பல நேரம் மரக்கிளையில் தொங்கும் கேபிளை மாநகராட்சி ஆட்கள் வெட்டியதாக இருக்கும். மரத்துக்கும் நடப்பவருக்கும் ஆபத்து என்பதால் அவர்கள் வெட்டுவதில் நியாயம் இருக்கிறது. இழையைத் தரையடியில் கொண்டுபோகாமல் கிளையில் கட்டிவிட்டு மாதச் சந்தா மட்டும் வாங்குவதில் இல்லை. மின்தடைக்கு மட்டும் எளிய மருந்து உண்டு. இழைக்கு மின்சாரம் வேண்டாம், பெட்டிக்குத்தான் வேண்டும். ரூட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வைத்தால், கரண்ட் போனாலும் சில மணி நேரம் ஆன்லைன் கூட்டம் அறுபடாது.

காற்றில் பேசும் மோடத்துக்கும் பெங்களூர் முதல் வரிசைச் சோதனைக்களமாக இருந்துவந்திருக்கிறது. 2011 ஜனவரியில் ஏர்டெல் தன் 3ஜியை முதலில் இங்கேதான் தொடங்கியது. 2012-இல் கொல்கத்தாவுக்கு அடுத்து 4ஜி வந்ததும் இங்கே. அப்போது கைப்பேசியில் அல்ல, யுஎஸ்பி டாங்கிளிலும் வீட்டுப் பெட்டியிலும். 2023 செப்டம்பரில் ஜியோ 5ஜி அலையை வீட்டு இணையமாகக் கொடுக்கத் தொடங்கிய எட்டு நகரங்களில் இதுவும் ஒன்று. ஏடிஎஸ்எல் செம்பை வெட்டியதைப் போலவே 4ஜி காற்றை 15 கிலோஹெர்ட்ஸ் தடங்களாக வெட்டுகிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1,200 தடங்கள். வித்தியாசம் என்னவென்றால், செம்புக் கம்பி நின்ற இடத்தில் நிற்கும். காற்றுப்பாதை நீங்கள் சில்க் போர்டு சந்திப்பில் பஸ்ஸில் நகர நகர மாறும். கட்டடத்தில் பட்டுத் தெறித்த அலையும் நேரே வந்த அலையும் சேர்ந்து சில தடங்களை அழித்துவிடும். ஆகவே எந்தத் தடம் யாருக்கு என்று கைப்பேசிக் கோபுரம் ஒவ்வொரு மில்லிநொடியும் புதிதாக முடிவெடுக்கிறது. கைப்பேசி மோடம் அந்த வேகத்தில் அளந்து, பதில் அனுப்பி, பிழை திருத்தி, பேட்டரியையும் காப்பாற்ற வேண்டும்.

காற்றையும் தாண்டிப் பேசும் மோடத்தைப் பார்க்கவும் வெகுதூரம் போக வேண்டாம். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பயலாலு கிராமம். 2008-இல் சந்திரயானுக்காக இஸ்ரோ அங்கே 32 மீட்டர் விட்டத்தில் ஓர் ஆன்டெனாவை நிறுவியது. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தபோது, அங்கிருந்து ஒரு சமிக்ஞை பூமிக்கு வரப் பன்னிரண்டரை நிமிடம் பிடித்தது. அத்தனை தூரத்தில் சமிக்ஞை இரைச்சலுக்குள் புதைந்தே வரும். டயல்-அப் காலத்து வேகத்துக்கு இறங்கி வந்து, ஒவ்வொரு பிட்டையும் பிழைதிருத்தக் குறியீட்டால் போர்த்தி அனுப்பினால்தான் மீட்க முடியும். வேகத்தை விட்டுக்கொடுத்துத் தூரத்தை வாங்குவது. ஷானனின் அதே சமன்பாடு.

நம் பெயரில் ஒரு சிப்

ஆகும்பேக்கு வருவோம். அந்தத் தொகுப்பில் ஒரு சிப், 4ஜி மோடத்தை முழுதாக, அலையை வாங்கும் பகுதியும் கணக்கிடும் பகுதியும் ஒன்றாக, தனக்குள் வைத்திருந்தது. இன்னொன்று 5ஜிக்கான அலைவாங்கி. மேலே சொன்ன அத்தனை வேலைகளையும் நகத்தளவு சிலிக்கானில் செய்து முடிப்பது அது.

எவ்வளவு கடினம் என்பதற்கு ஆப்பிள்தான் சாட்சி. 2019-இல், ஆகும்பே வெளிவந்த அதே ஆண்டில், இன்டெலின் கைப்பேசி மோடம் பிரிவை ஆப்பிள் 100 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் சொந்த மோடம் முதன்முதலாக ஓர் ஐபோனில் வந்தது 2025-இல். உலகின் பெரும் பணக்கார நிறுவனங்களில் ஒன்றுக்கு, ஆயத்தமாக ஒரு பொறியாளர் படையை வாங்கிய பிறகும், ஆறு ஆண்டுகள். 5ஜி மட்டும் தெரிந்தால் போதாது. 4ஜி, சில நாடுகளில் 3ஜி, 2ஜி எல்லாவற்றிலும் பேச வேண்டும். ஒவ்வொரு நாட்டின் ஒவ்வொரு நிறுவனத்தின் கோபுரத்தோடும் நேரில் போய்ச் சோதிக்க வேண்டும். காப்புரிமைகள் வழியெங்கும். இத்தனைக்கும் பிறகு, வாங்க ஆள் வேண்டும். லட்சக்கணக்கில் வாங்கினால்தான் விலை இறங்கும், விலை இறங்கினால்தான் வாங்குவார்கள். நம் நிறுவனங்கள் மூச்சு முட்டுவது வடிவமைப்பில் அல்ல, இந்தக் கடைசிப் படியில்.

பெங்களூரின் சாங்க்யா லேப்ஸ் வேறொரு வழியில் போயிற்று. 2007-இல் தொடங்கிய அந்நிறுவனம், எந்த அலைவரிசைத் தரத்துக்கும் மென்பொருளால் மாற்றிக்கொள்ளக்கூடிய சிப்களைச் செய்தது. 2018-இல் வந்த 'பிருத்வி-3', தொலைக்காட்சி ஒலிபரப்பை நேரடியாகக் கைப்பேசிக்குக் கொண்டுவரும் முயற்சிக்கு அடிப்படை. 2022-இல் அதன் பெரும்பங்கை, இதே ஊரில் 2000-இல் பிறந்த தேஜஸ் நெட்வொர்க்ஸ் வாங்கியது. தேஜஸை அதற்கு முன்பே டாடா குழுமம் எடுத்துக்கொண்டிருந்தது. சிறிய வடிவமைப்பு நிறுவனத்துக்குப் பின்னால் ஆர்டர் பிடிக்கத் தெரிந்த பெரிய கை வந்தது நல்லதென்றே நான் நினைக்கிறேன். 2025 செப்டம்பர் 27 அன்று பிரதமர் தொடங்கிவைத்த பிஎஸ்என்எல்லின் உள்நாட்டு 4ஜி வலையில், கோபுரங்களில் இருக்கும் ரேடியோ கருவிகள் தேஜஸ் கொடுத்தவை, மையக் கருவி சி-டாட்டுடையது, சேர்த்துக் கட்டியது டிசிஎஸ். உரையாடலின் ஒரு முனை, கோபுர முனை, நம் கைக்கு வந்துவிட்டது. மறுமுனையான கைப்பேசிக்குள் இருக்கும் மோடம் இன்னும் வரவில்லை.

மோடம் சிப்பில் காலூன்றக் கைப்பேசிச் சந்தையில் நேரே மோதத் தேவையில்லை. மத்திய அரசின் மின்விநியோகச் சீரமைப்புத் திட்டம் நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காக வைத்திருக்கிறது. பெங்களூரின் மின்விநியோக நிறுவனமான பெஸ்காம் 2025-இல் புது இணைப்புகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. விலை அதிகம் என்று மக்கள் கொதித்தார்கள். ஒவ்வொரு மீட்டருக்குள்ளும் ஒரு தகவல் தொடர்புத் தொகுதி உண்டு. பல இடங்களில் அது செல்லுலர் மோடம்தான். அதற்கு வீடியோ வேகம் வேண்டாம், பஸ்ஸில் ஓடவும் வேண்டாம். நாளுக்குச் சில முறை சில நூறு எழுத்து அனுப்பினால் போதும். இந்த எளிய வகைச் சிப்பை ஹைதராபாத் ஐஐடியில் பிறந்த வைசிக் நெட்வொர்க்ஸ் சில ஆண்டுகளுக்கு முன்பே 'கோலா' என்ற பெயரில் செய்து காட்டிவிட்டது. வாங்குவது அரசு மின் நிறுவனங்கள், டெண்டர் எழுதுவது அரசு. மீட்டர் எங்கே தயாரிக்கப்பட்டது என்று மட்டும் கேட்கும் டெண்டர்கள், உள்ளே இருக்கும் மோடம் சிப் எங்கே வடிவமைக்கப்பட்டது என்றும் கேட்டு, இங்கே வடிவமைத்ததற்கு முன்னுரிமை கொடுக்கட்டும். சிக்னல்சிப் போன்றவர்களுக்கு இல்லாமல் போன முதல் லட்சக்கணக்கான ஆர்டர் அங்கே கிடைக்கும்.